இரண்டு மணி நேரம்! முப்பது ஆண்டுகள்!

(அக்டோபர் மாத இறுதியில் நடந்த மாவட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'நாடு இழந்தோர்' என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பாலஸ்தீனம் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். பாலஸ்தீனம் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியாயிற்று, இன்னும் பேசுவோம். இன்று நான் சொல்லப்போவது அவ்வளவு தொலைவில் இல்லை. தனுஷ்கோடி மணலில் நின்றால் எதிரே இருப்பது தலைமன்னார். நடுவில் முப்பது கிலோமீட்டர் கடல்தான். அந்தக் கரையில் நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே தொழுது வாழ்ந்த ஏறத்தாழ 75,000 பேரை 1990 அக்டோபரில், இரண்டே வாரங்களில், துப்பாக்கி முனையில் ஊரைவிட்டு விரட்டினார்கள். வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும், விரட்டியவர்களின் பிடியில் இருந்த பகுதிகளில் ஒரு முஸ்லிம் குடும்பம்கூட மிஞ்சாதபடி விரட்டினார்கள். விரட்டியவர்கள் சிங்கள இராணுவத்தார் அல்லர். தமிழ் மக்களின் விடுதலைக்காகப் போராடுகிறோம் என்று சொன்ன விடுதலைப் புலிகள்.

இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். 'இப்போது ஏன் அதைக் கிளறுகிறீர்கள்? எதிரிக்கு உதவியாகப் போய்விடாதா?' என்பார்கள். அவர்களுக்குப் பதில் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜின்னா மைதானம்

1990 அக்டோபர் 15ஆம் தேதி சாவகச்சேரியில் இருந்த சொற்ப முஸ்லிம் குடும்பங்களிலிருந்து இது தொடங்கியது. அடுத்து மன்னார். மன்னார் மாவட்டத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் முஸ்லிம்கள். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று வரிசையாக ஊர்கள். இருபத்தெட்டாம் தேதிக்குள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கட்டளை. மன்னார்த் தீவில் இருந்தவர்கள் மீன்பிடிப் படகுகளில் ஏறி, தெற்கே கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். குழந்தையும் கிழவியும் கர்ப்பிணியும் அந்தப் படகுகளில்தான் போனார்கள்.

யாழ்ப்பாண நகரத்தின் முறை அக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி சோனகத் தெருப் பக்கம் வந்தது. வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வர வேண்டும் என்றது. ஏதோ பாதுகாப்பு விஷயம் பேசப்போகிறார்கள் என்று நினைத்துப் போனவர்களே அதிகம். மைதானத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: இரண்டு மணி நேரத்தில் எல்லா முஸ்லிம்களும் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்குத் துப்பாக்கியைக் காட்டினார்கள்.

கொண்டுபோக அனுமதித்தது ஊருக்கு ஊர் மாறியது. யாழ்ப்பாணத்தில் கையில் 150 ரூபாயும் மாற்றுத் துணியும். அதற்கு மேல் இருந்ததையெல்லாம் வழியில் நிறுத்திச் சோதனை போட்டு வாங்கிக்கொண்டார்கள். காதிலும் கழுத்திலும் கிடந்தவை போயின. நிலத்தின் உறுதிப்பத்திரமும் பலரிடமிருந்து போயிற்று. சகோதரர்களே, நகையைவிட அந்தப் பத்திரத்தை நினைவில் வையுங்கள். அதற்குத் திரும்ப வருவேன்.

அவர்கள் யார்? நேற்று வந்து குடியேறியவர்களா? தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இரும்புக் கடை வைத்தவர்கள், தையல் தைத்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், நகை வியாபாரம் செய்தவர்கள். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அந்த மக்களில் ஒருவர். 1950களில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் நாற்காலியில் சுல்தான் என்ற முஸ்லிம் அமர்ந்திருக்கிறார். நகரத்தில் பெரும்பான்மையினர் தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்! அப்படியெல்லாம் இருந்த உறவு இது.

பக்கத்து வீட்டுத் தமிழர்கள் அழுதார்கள் என்பதை வெளியேறியவர்களே சொல்கிறார்கள். அதை நாம் மறைக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய மனித உரிமை அமைப்பு, உயிருக்கு ஆபத்து இருந்த அந்த நாட்களிலேயே இதைக் கண்டித்து எழுதியது. ஆனால் தடுக்க யாராலும் முடியவில்லை.

காரணம் என்ன சொன்னார்கள்? முஸ்லிம்கள் உளவு சொல்கிறார்கள் என்றார்கள். கிழக்கு மாகாணத்தில் அந்த ஆண்டு நடந்தவற்றைக் காட்டினார்கள். கிழக்கில் என்ன நடந்தது? ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் பள்ளிவாசலுக்குள் புகுந்து சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் ஷஹீதானார்கள். சில நாட்களில் ஏறாவூர். முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளும் உண்டு. நாம் அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மட்டக்களப்பில் நடந்த சண்டைக்கு யாழ்ப்பாணத்துத் தையற்காரன் என்ன செய்தான்? வடக்கில் அப்படி ஒரு கலவரமே இல்லையே!

இது ஹிஜ்ரத்தா?

நம் பேச்சாளர்கள் சிலர் இந்த மக்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து 'ஹிஜ்ரத்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். முஹாஜிர்கள், அன்ஸார்கள் என்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் நான் அதில் உடன்படவில்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் போகுமுன் அகபாவில் மதீனாவாசிகளோடு உடன்படிக்கை நடந்தது. வாருங்கள், காப்போம் என்று கைகொடுத்தவர்கள் காத்திருந்தார்கள். புத்தளத்தில் யார் காத்திருந்தார்கள்? கற்பிட்டியில் படகிலிருந்து இறங்கியவர்களுக்கு அடுத்த வேளைச் சோறு எங்கே என்று தெரியாது. ஹிஜ்ரத் என்று பெயர் வைத்துவிட்டால், விரட்டியவன் செய்த குற்றம் மறைந்து, போனவன் தானே விரும்பிப் போனது போல் ஆகிவிடுகிறது. அந்தப் பெயர் வேண்டாம் சகோதரர்களே.

ஆனால் ஸீராவில் இந்த மக்களுக்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சி உண்டு. மக்கா வெற்றிக்குப் பிறகு, 'உங்கள் வீட்டில்தானே தங்குவீர்கள்?' என்று நபியவர்களிடம் கேட்கப்பட்டது. அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்திருக்கிறாரா என்ற பொருளில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். எட்டாண்டுகளுக்குள் அந்த வீடுகள் கைமாறிவிட்டன. வெற்றியோடு திரும்பியவர்களுக்கே பிறந்த ஊரில் சொந்தக் கூரை இல்லை. அப்படியானால் வெறுங்கையோடு திரும்புகிறவன் கதி என்ன?

புத்தளத்து முஸ்லிம்கள் முதலில் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். சமைத்துப் போட்டார்கள். தென்னந்தோப்பில் இடம் கொடுத்தார்கள். அதற்கு அல்லாஹ்தான் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் வந்தவர்கள் மாதக் கணக்கில் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆண்டுகள் ஓடின. கிடுகுக் கொட்டிலில் மழைக்கு மழை கூரை மாற்றி, கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் குறைந்த கூலிக்குப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். கூலி குறைந்ததும் உள்ளூர்க் கூலிக்காரனுக்கு வயிற்றெரிச்சல். கிணற்றில் தண்ணீர் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதவில்லை. மாவட்ட ஒதுக்கீட்டில் பல்கலைக்கழக இடத்துக்குப் போட்டி. 'அகதி' என்ற சொல் சண்டையில் திட்டும் சொல்லாயிற்று. நாமும் மார்க்க சகோதரர்கள்தானே என்று சொல்லி இதை மூடக் கூடாது. வறுமைக்கும் வறுமைக்கும் நடந்த இழுபறி அது.

அகதி என்று எழுத முடியாத அகதி

இங்கே சட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தப்படி நாட்டு எல்லையைக் கடந்தவன்தான் அகதி. மன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வந்து மண்டபம் முகாமில் பதிந்தவர் அகதி. அதே மன்னாரிலிருந்து கற்பிட்டிக்குப் போனவர் அகதி அல்லர், 'உள்ளூரில் இடம்பெயர்ந்தவர்'. சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்தவர்களுக்கென்று ஐ.நா. வழிகாட்டு நெறிகளை வகுத்ததே 1998இல்தான். அதுவும் கட்டாயச் சட்டம் அல்ல.

'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லையே பாருங்கள். வெள்ளம் வந்தாலும் இடம்பெயர்கிறோம். இவர்கள் இடம்பெயரவில்லை, வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாண முஸ்லிம்கள் அந்தச் சொல்லுக்காகவே பல ஆண்டுகள் வாதாடினார்கள். அவர்களில் ஒருவர், எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவர். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் என்று முகாம் முகாமாகக் கேட்டுக் கணக்கெடுத்தார். அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலை அது! அவர் 2018இல் காலமானார். மேடையில் உரக்கப் பேசுவது எளிது. ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்த கணக்குதான் இன்றுவரை நம் கையில் இருக்கும் ஆயுதம். 2011இல் ஒரு மக்கள் ஆணைக்குழு இந்த மக்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு வெளியான அரசின் நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கையும் இவர்களைப் பற்றிப் பேசியது. பேசியதோடு சரி.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் கூட்டத்தில், பிரபாகரன் பக்கத்திலிருக்க, அன்ரன் பாலசிங்கம் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும் இந்த மண் முஸ்லிம்களுக்கும் உரியது என்றும் சொன்னார். சில நாட்களில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமோடு உடன்பாடு கையெழுத்தானது. மக்கள் நம்பினார்கள். சிலர் போய்ப் பார்த்தார்கள். கதவு, சன்னல், ஓடு எதுவும் இல்லாத சுவர்கள். கூடத்துக்குள் மரம் வளர்ந்து கிளை வெளியே வந்திருந்தது. 2006இல் மீண்டும் போர்; ஏ9 பாதை மூடப்பட்டது. வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. இனித் தடையில்லை என்று நினைத்தீர்களா? அப்போதுதான் 'பழைய அகதிகள்', 'புதிய அகதிகள்' என்ற பிரிவு வந்தது. வன்னியிலிருந்து வந்த கிட்டத்தட்ட மூன்று இலட்சம் தமிழர்கள் மெனிக் பாம் முகாம்களில் முள்கம்பிக்குள் இருந்தார்கள். அவர்கள் துயரம் கொடிது. உதவி முதலில் அவர்களுக்குப் போனதில் நியாயம் இருந்தது. ஆனால் பழையவர்களின் முறை எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. இவர்களுக்குத்தான் புத்தளத்தில் வீடு இருக்கிறதே என்றார்கள். 2007இலிருந்து உலக வங்கி உதவியில் அங்கே வீட்டுத் திட்டம் நடந்தது உண்மை. அந்த வீட்டை வாங்கினால் ஊர் உரிமை போய்விடுமோ என்று அஞ்சி அஞ்சித்தான் மக்கள் வாங்கினார்கள். அஞ்சியது சரியாகிவிட்டது.

காகிதத்தில் தொலைந்த ஊர்

நாடிழத்தல் என்றால் என்ன? கவிஞர்கள் ஏக்கம் என்பார்கள். ஏக்கம் இருக்கட்டும். மன்னார்க்காரரிடம் கேட்டால் காகிதம் என்பார். மன்னாரில் வாக்காளராகப் பதிந்தால் புத்தளத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்குமா என்ற கவலை. புத்தளத்தில் பதிந்தால் மன்னாரில் வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வராது. இரண்டு இடத்திலும் கால் வைத்தால் 'கள்ள மீள்குடியேற்றம்' என்ற ஏச்சு. போரில் பிறந்த பிள்ளைகள் பெருகி ஒரு குடும்பம் நான்கு குடும்பமாகியிருக்கும். பட்டியலில் இன்னும் ஒரு குடும்பம், ஒரு துண்டு நிலம்.

நான் சொன்ன பத்திரத்துக்கு வருகிறேன். இலங்கைச் சட்டப்படி ஒரு நிலத்தைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவன் உரிமை கோரலாம். சொந்தக்காரன் துப்பாக்கிக்குப் பயந்து இருபது ஆண்டுகள் வெளியே இருந்தால்? இதற்கென்று 2016இல்தான் தனிச்சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போட இரண்டாண்டு அவகாசம்தான் கொடுத்தது. முகாமில் கூலி வேலை செய்கிறவன் பத்திரம் இல்லாமல், வக்கீலுக்குப் பணமில்லாமல் இரண்டாண்டில் என்ன செய்வான்?

முசலிப் பகுதியில் இன்னொரு சங்கதி. மக்கள் இல்லாத இருபது ஆண்டுகளில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி பக்கம் வயலும் தோப்பும் காடாகிப் போயின. 2012இல் அரசிதழில் அதைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். மக்கள் திரும்பிப் போய்ப் புதரை வெட்டியதும் 'வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள்' என்று தெற்கில் பெரிய கூச்சல். 2017இல் மீண்டும் ஓர் அரசிதழ். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காடு அழிக்கப்பட்ட இடத்தில் முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் சொந்தச் செலவில் மரம் நட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அமைச்சரின் நடைமுறையில் தவறு இருந்திருக்கலாம், காடும் வேண்டியதுதான். ஆனால் விரட்டப்பட்டதால்தானே அந்த நிலம் காடானது? அந்த ஒரு கேள்வியை அந்தக் கூச்சலில் யாரும் கேட்கவில்லை.

வாக்குரிமைக்கு வருகிறேன். 2019 நவம்பர் 16, இலங்கை அதிபர் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க நூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகளில் போனார்கள். தந்திரிமலைப் பக்கத்தில் சாலையில் டயரை எரித்து, கல்லெறிந்து, துப்பாக்கியால் சுட்டார்கள். அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. வெளியேற்றப்பட்டு இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் சொந்த ஊரில் ஒரு ஓட்டுப் போடப் போகிறவனுக்கு வழியில் கிடைத்தது இது!

கிளறுவது யாருக்கு உதவி?

இனி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஈழம் பற்றி எத்தனை மேடை, எத்தனை மாநாடு, எத்தனை கவிதை! அவற்றில் ஜின்னா மைதானம் எத்தனை முறை வந்தது? நீங்களே எண்ணிப் பாருங்கள். 'தமிழ் பேசும் மக்கள்' என்று முஸ்லிம்களையும் சேர்த்துச் சொல்லித்தான் அங்கே தமிழர் அரசியல் வளர்ந்தது. 1977இல் அஷ்ரஃப் போன்றவர்கள் அந்தச் சொல்லை நம்பித் தமிழர் கூட்டணி மேடையில் ஏறினார்கள். அதே மொழி பேசியவனை அதே மொழியிலேயே 'போ' என்றார்கள். இதைப் பேசாமல் விட்டால் முள்ளிவாய்க்கால் பற்றி நாம் பேசுவதற்கும் வலு இருக்காது.

நம் பக்கமும் ஒரு பேச்சு உண்டு, அதையும் கண்டிக்கிறேன். 1995 அக்டோபர் 30ஆம் தேதி, இராணுவம் நெருங்கியபோது, யாழ்ப்பாணத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே தேதி. 'பார்த்தீர்களா, அல்லாஹ் கொடுத்த தண்டனை' என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அந்த மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் யாரை விரட்டினாள்? 1990இல் பக்கத்து வீட்டு உம்மாவுக்காக அழுதவளும் அவளாக இருக்கலாம். பழிதீர்ந்தது என்று மகிழ நமக்கு மார்க்கம் அனுமதி தரவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் உறவு புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் போனார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடை வைத்த குடும்பங்கள், பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய கடிதம், கடைக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, வாடகைச் சீட்டு, நில உறுதியின் பிரதி ஏதாவது கிடக்கலாம். உங்களுக்கு அது பழைய காகிதம். அங்கே ஒருவருக்கு, தன் பாட்டனார் அந்தத் தெருவில் இன்ன வளவில் குடியிருந்தார் என்று பிரதேச செயலகத்தில் காட்ட வேறு சான்றே இல்லாமல் இருக்கலாம்.

ஊருக்குப் போனதும் பெரியவர்களைக் கேளுங்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள். ஊர்ப்பெயர், தெருப்பெயர், ஆண்டு இருக்கிற எதையும் தள்ளிவிடாதீர்கள். கிடைத்தவற்றை அந்தந்த ஜமாஅத் செயலாளரிடம் கொடுங்கள். சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். நகலை மட்டும் கொடுங்கள். அசலை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.